இரைப்பையை இழந்தவர்களின் உணவு

ஒருவர் தம் இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ இழந்த பின்னரும் உயிர் வாழலாம் என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதனை ஒருவர் கூறியிருந்தால், கற்றுத் தேர்ந்த வைத்தியரும் நம்பியிருக்கமாட்டார். சத்திரசிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் அறுத்தவர் பெயரையும் அறுத்த நாளையும் பெருமையோடு பொறித்து வைக்கின்றனர். அறுக்கப்பட்டவர் வீடு திரும்பிய பின்னர் எதனை உண்டார், எவ்வாறு உண்டார், உண்டபின் என்ன வருத்தம் உற்றார் என்பனவோ அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றன. ஆயினும், சத்திரவைத்தியர் ஓரிரு மணித்தியாலத்திற் செய்து முடித்ததை, நோயாளி தம் வாழ்நாள் முழுவதும் உண்கலத்தின் முன்னிருந்து காத்துவர வேண்டியிருக்கின்றது. அந்த இரண்டாவது வரலாறே இங்கு கூறப்படுவது.

இரைப்பை என்ன தொழில் செய்கின்றது என்பது நெடுங்காலம் தீராத வழக்காக இருந்தது. உணவை உடற்சூட்டினால் வேகவைக்கும் அடுப்பே அது என்று பழைய கிரேக்க, உரோம வைத்தியர் கருதினர். தானியத்தை அரைக்கும் திரிகை போன்றது என்று பின்வந்தோருட் சிலர் கூறினர். 1752ஆம் ஆண்டிற் பிரான்சிய அறிஞர் ரேயோமூர், துளையுள்ள உலோகக் குழாயொன்றினுள் இறைச்சித் துண்டை வைத்து, தாம் வளர்த்த பருந்துக்கு விழுங்கக் கொடுத்தார். பருந்து அக்குழாயைக் கக்கியபோது, உள்ளிருந்த இறைச்சி கரைந்திருந்தது. குழாயினுள் இருந்ததை எதுவும் அரைத்திருக்க இயலாது. பின்னர் இத்தாலியரான ஸ்பல்லன்சானி, துணிப்பைகளில் உணவை இட்டுத் தாமே விழுங்கி ஆராய்ந்தார். 1824ஆம் ஆண்டு ஆங்கில வைத்தியர் வில்லியம் பிரவுட் வெளியிட்ட கட்டுரை, இரைப்பை நீரின் புளிப்புக்குக் காரணம் ஐதரோகுளோரிக் அமிலம் என நிறுவியது. எனினும், உயிரோடிருக்கும் மனிதனின் இரைப்பையினுள் நடப்பதை நாளடைவிற் கண்ணாற் கண்டு எழுதியவர் அதுவரை எவருமிலர்.

அந்த வாய்ப்பு ஒரு விபத்தினால் வந்தது. 1822ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆந் திகதி, வட அமெரிக்காவின் பேரேரிகளின் நடுவேயுள்ள மக்கினாத் தீவில், விலங்குத்தோல் வாணிகம் செய்த கம்பனியொன்றின் கடையில் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் கனடிய இளைஞனின் இடப்புற விலாவையும் இரைப்பையையும் அந்தச் சன்னங்கள் கிழித்தன. அங்கிருந்த படை வைத்தியர் வில்லியம் போமொண்ட், இவன் பிழைக்கமாட்டான் என்றே எண்ணினார். இளைஞனோ பிழைத்தான், ஆனால் புண்வாய் மூடவில்லை. தொடக்கத்தில் அவன் உண்டதெல்லாம் அத்துளை வழியே வெளியேறிற்று. கட்டுப் போட்டு அடைத்தபின்னரே உணவு உள்ளே தங்கியது. நாளடைவில் இரைப்பையின் உட்டோல் மடிந்து ஒரு திரை போலத் துளையை மறைத்தது. விரலால் அத்திரையை விலக்கினால், இரைப்பையினுள்ளே நடப்பதைக் கண்ணாரக் காணலாம்.

1825ஆம் ஆண்டு முதற் போமொண்ட் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பட்டுநூலிற் கட்டிய இறைச்சி, பாண், கோவா ஆகியவற்றைத் துளைவழியே இறக்கி, மணிக்கொருமுறை வெளியே எடுத்துப் பார்த்தார். 1833ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில், எவ்வுணவு எவ்வளவு நேரத்திற் செரிக்கின்றது என்று ஓர் அட்டவணை உண்டு. அதில் வேகவைத்த சோற்றுக்கு ஒரு மணித்தியாலம். வாட்டிய பன்றியிறைச்சிக்கோ ஐந்தேகால் மணித்தியாலம். சினமும் மனக்கலக்கமும் செரிமானத்தைக் கெடுப்பதையும் அவர் கண்டார். சென் மார்ட்டின் இதற்கெல்லாம் மகிழ்ந்து உடன்பட்டான் என்று கூறமுடியாது. 1832ஆம் ஆண்டு எழுதிய ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 150 டாலரும் ஊணும் உறையுளும் அவன் பெற்ற ஊதியம். இடையிடையே அவன் கனடாவுக்குத் திரும்பிச் சென்றதும் உண்டு. 1880ஆம் ஆண்டு அவன் இறந்தபோது, அவன் உடலை வைத்தியர் எவரும் அறுத்துப் பார்த்துவிடாதபடி, குடும்பத்தார் அது அழியும்வரை வைத்திருந்து ஆழப் புதைத்தனர்.

போமொண்டின் அட்டவணை உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும் அதனுள்ளே மறைந்திருந்த பாடமொன்றைப் பலரும் கவனிக்கவில்லை. சோற்றை ஒரு மணித்தியாலமும் இறைச்சியை ஐந்து மணித்தியாலமும் இரைப்பை தன்னகத்தே வைத்திருக்கின்றதென்றால், அது கரைக்கும் கலம் மாத்திரமன்று. காத்து வைத்து அளந்து விடுகின்ற களஞ்சியமும் ஆகும். இரைப்பையின் கீழ்வாயிலுக்கு மேனாட்டு வைத்தியர் வழங்கும் பெயர், கிரேக்க மொழியில் வாயில்காப்போன் என்னும் பொருளது. அந்தக் காவலன் இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதை மனிதர் அறிய மேலும் பல்லாண்டுகள் சென்றன.

1846ஆம் ஆண்டின் பின்னர் மயக்கமருந்து வழக்குக்கு வந்தமையும், 1867ஆம் ஆண்டில் லிஸ்டர் கிருமியகற்றும் முறையை வெளியிட்டமையும், வயிற்றை அறுத்துத் திறக்கும் துணிவைச் சத்திரவைத்தியருக்கு அளித்தன. 1879ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் பேயான் என்பவர், புற்றுநோய் கண்ட இரைப்பைப் பகுதியை வெட்டியகற்றினார். நோயாளி ஐந்தாம் நாள் இறந்தார். 1880ஆம் ஆண்டு நவம்பரில் போலந்து வைத்தியர் ரிடிகியர் அதே முயற்சியைச் செய்தார். அவர் நோயாளி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. இவ்விரண்டு தோல்விகளின் பின்னரே வியன்னாப் பேராசிரியர் தியொடோர் பில்ரோத் கத்தியைக் கையில் எடுத்தார்.

சென் மார்ட்டின் இறந்து ஏழு மாதங்கள் சென்றிருந்தன. 1881ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 29ஆந் திகதி பில்ரோத்தின் முன் கிடத்தப்பட்டவர், எட்டுப் பிள்ளைகளின் தாயான 43 வயதுடைய தெரெசே ஹெல்லர் என்னும் பெண்மணி. இரைப்பையின் கீழ்வாயிலைப் புற்றுக்கட்டி அடைத்திருந்தமையால், அவர் உண்டதையெல்லாம் வாந்தியெடுத்துப் பல வாரங்களாக மெலிந்துபோயிருந்தார். புளித்த பால் ஒன்றே அவர் வயிற்றில் ஓரளவு தங்கியது. பில்ரோத் கட்டியிருந்த பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சிய இரைப்பையை முன்சிறுகுடலோடு பட்டுநூலாற் பொருத்தித் தைத்தார். மயக்கமருந்து கொடுத்த நேரம் உட்பட ஒன்றரை மணித்தியாலமளவில் எல்லாம் முடிந்தது.

அதற்குப் பின் நிகழ்ந்ததே உணவு வரலாற்றுக்கு முக்கியமானது. முதல் நாள் வாய்வழியாகப் பனிக்கட்டித் துண்டுகள் மாத்திரம் கொடுக்கப்பட்டன. அடுத்த நாள் மணிக்கொரு கரண்டியாகவும், பின்னர் அரைமணிக்கொரு கரண்டியாகவும் புளித்த பால் கொடுக்கப்பட்டது. இறைச்சிச்சாற்றைக் கொடுக்க முயன்றபோது அவர் அதனை விரும்பவில்லை. புளித்த பாலையே சிறிது சிறிதாக அருந்தித் தேறினார். இரைப்பையைக் குறைத்த ஒருவருக்கு எவ்வாறு உணவூட்ட வேண்டும் என்பதற்கு அந்நாளில் நூலில்லை, முன்மாதிரியில்லை. ஆயினும், குறைந்த அளவு, குறுகிய இடைவேளை, நோயாளியின் உடல் ஏற்பதையே கொடுத்தல் ஆகிய மூன்று நெறிகளும் அந்தக் கரண்டிப் பாலிலேயே தோன்றிவிட்டன. புற்றுநோய் வேறிடங்களுக்கும் பரவியிருந்தமையால் அவர் அவ்வாண்டு மே மாதத்தில் இறந்தார். எனினும் தைத்த இடம் செவ்வனே பொருந்தி ஆறியிருந்தது. அவர் வாழ்ந்த அந்த நான்கு மாதங்கள் பின்வந்த பல்லாயிரவருக்கு வழி திறந்தன.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1897ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆந் திகதி, சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் என்பவர் 56 வயதுடைய பெண்ணொருவரின் இரைப்பை முழுவதையும் அகற்றினார். உணவுக்குழாயின் கீழ்முனையைச் சிறுகுடலோடு நேரே இணைத்துத் தைத்தார். அப்பெண்மணி எழுந்து நடமாடினார். பலவகை உணவையும் உண்டார். உடல் நிறையும் சற்றே கூடியது. ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து, புற்றுநோய் மீண்டதனால் 1898ஆம் ஆண்டு ஒக்டோபரில் இறந்தார். இரைப்பை இன்றியும் மனிதன் உண்டு செரித்து வாழலாம் என்பது ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டது. உணவைச் செரிக்கும் பணியிற் பெரும் பங்கு சிறுகுடலுக்கும் கணையத்துக்கும் உரியது என்பதும் தெளிவாயிற்று.

புற்றுநோய்க்கெனத் தோன்றிய இச்சிகிச்சை, விரைவிற் குடற்புண்ணுக்கும் உரியதாயிற்று. 1881ஆம் ஆண்டிலேயே பில்ரோத்தின் துணைவரான வொல்ஃப்லர், எதனையும் வெட்டியெடுக்காமல் இரைப்பையில் ஒரு புதுவாயில் திறந்து அதனைச் சிறுகுடலோடு இணைத்தார். குடற்புண்ணால் வருந்தியோருக்கு இம்முறை பேருதவியாயிற்று. தமிழ் வழங்கும் நிலமொன்றுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர், அந்நாளில் தென் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1922ஆம் ஆண்டிலும் 1924ஆம் ஆண்டிலும் எவரெஸ்ட் மலையேறச் சென்ற குழுக்களில் இடம்பெற்ற ஆங்கிலேயர் ஹவார்ட் சொமர்வெல், அவ்வூர் மிஷன் வைத்தியசாலையில் நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு மனமிரங்கி அங்கேயே பணிபுரியத் தங்கினார். அவரும் உடன் வைத்தியர் ஓர் என்பவரும் 1936ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, அப்பகுதியிற் குடற்புண்ணுக்காகச் செய்த 2,500 சத்திரசிகிச்சைகளின் அனுபவத்தை உரைத்தது.

சிறியதொரு நிலப்பரப்பில் இத்துணைப் பேர் ஏன் வருந்தினர் என்னும் வினா உடனே எழுந்தது. திருவிதாங்கூர் ஏழைமக்கள் மரவள்ளிக்கிழங்கையும் சோற்றையும் பெரிதும் நம்பி வாழ்ந்தனர். பாலும் பருப்பும் பசிய காய்கறியும் குறைவு. நீலகிரியிலுள்ள குன்னூரில் உணவாராய்ச்சி நிலையத்தை நடத்திய ரொபர்ட் மக்கரிசன், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் உண்ட எலிகள் நலமாக இருந்தன. திருவிதாங்கூர் ஏழையின் உணவை உண்டவற்றுட் பலவற்றின் இரைப்பையிற் புண் கண்டது. குடற்புண்ணுக்கு உணவு ஒன்றே காரணமன்று எனப் பின்னர் தெளிந்தது உண்மையே. எனினும், கத்தி நின்ற இடத்தில் உணவைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கிய முறை இங்கே நன்கு விளங்குகின்றது.

இவ்வாறு சிகிச்சை பெற்றோர் தொகை பெருகவே, முன்பு காணாத வருத்தங்களும் வெளிப்பட்டன. புண் ஆறிற்று, வலி தீர்ந்தது, ஆனால் உணவு உண்டு கால்மணி நேரம் சென்றதும் வயிறு உப்பிற்று, நெஞ்சு படபடத்தது, முகம் சிவந்து வியர்த்தது, தலை சுற்றிப் படுத்தாலன்றி ஆகாதென்ற நிலை வந்தது, சிலருக்கு வயிற்றோட்டமும் தொடர்ந்தது. 1913ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் ஆதர் ஹேர்ட்ஸ், இத்தகையோரின் இரைப்பை மிக விரைவாக வெறுமையாவதை எக்ஸ் கதிரினாற் கண்டு எழுதினார். 1922ஆம் ஆண்டிற் சிக்காகோ வைத்தியர் சார்ல்ஸ் மிக்ஸ், பாரவண்டியிலிருந்து மண்ணைக் கொட்டுவதுபோல இரைப்பை தன் சுமையைக் குடலிற் கொட்டிவிடுகின்றது என்னும் கருத்தில் அதற்கு ஒரு பெயரிட்டார். அப்பெயரே இன்றும் டம்பிங் என வைத்தியசாலைகளில் வழங்குகின்றது.

இந்நிகழ்ச்சியை விளங்கிக்கொள்ள வன்னிநிலத்துக் குளமொன்றை நினைத்தாற் போதும். மாரியிற் பெய்த மழையைக் குளம் தேக்குகின்றது. மதகு அதனை அளந்து வயலுக்கு விடுகின்றது. கட்டு உடைந்தால் நீரின் அளவு கூடிவிடுவதில்லை. அதே நீர்தான், ஆனால் பல வாரங்களுக்குப் போதுமான நீர் ஒரே நாளிற் பாய்ந்து பயிரை அழிக்கின்றது. கீழ்வாயிலை இழந்த இரைப்பையின் நிலையும் அதுவே. நல்ல உணவேயாயினும் ஒரே வேளையிற் குடலிற் பாய்ந்தால் நன்மை செய்யாது. சீனியும் இனிப்பும் செறிந்த உணவு இவ்வாறு பாயும்போது, குடல் அதனை ஐதாக்குவதற்கு இரத்தத்திலிருந்து நீரை இழுத்துக்கொள்கின்றது. குடல் விரிகின்றது, இரத்தவோட்டம் தளர்கின்றது, படபடப்பும் தலைச்சுற்றலும் தோன்றுகின்றன. 1949ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் மக்கெல்லா வெளியிட்ட ஆராய்ச்சி இவ்விளக்கத்துக்கு வலிமை தந்தது. குடலிற் சுரக்கும் பலவகைச் சாறுகளும் இதிற் பங்கு கொள்வது பின்னர் தெளிந்தது.

சிலருக்கு மற்றொரு வருத்தமும் உண்டு. அது உண்ட உடனே வருவதன்று. ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் சென்றபின் வருவது. சீனி விரைந்து இரத்தத்திற் கலக்கின்றது. உடல் அதனைக் கண்டு இன்சுலினை மிகையாகச் சுரக்கின்றது. அதனால் இரத்தத்திலுள்ள சீனி அளவுக்கு மீறித் தாழ்கின்றது. கை நடுங்குகின்றது, வியர்க்கின்றது, பசியும் மயக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. அவ்வேளை சிறிது சீனி கொடுத்தால் மயக்கம் தெளியும். ஆனால், மீண்டும் வராமற் காப்பது சீனியைக் குறைத்தலே. தீர்ப்பதும் வருவிப்பதும் ஒரே பொருளாயிருப்பதனால் இந்நோயைப் பலர் நெடுநாள் விளங்கிக்கொள்ளாது தடுமாறினர்.

இந்த அறிவிலிருந்தே இன்றைய உணவு நெறி பிறந்தது. மூன்று வேளைப் பேருணவை ஆறு சிற்றுணவாகப் பகிர்ந்து உண்ணல் முதல் விதி. உணவோடு நீரும் தேநீரும் பருகாமல், உண்பதற்கு அரைமணி முன்னரோ பின்னரோ பருகுதல் இரண்டாவது. நீர் சேர்ந்தால் உணவு விரைந்து ஓடும். சீனி, தேன், சர்க்கரை, இனிப்புப் பானம் ஆகியவற்றைக் குறைத்தல் மூன்றாவது. ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், பருப்பு போன்ற புரதவுணவு சிறிதாவது இருத்தல் நான்காவது. நன்கு மென்று மெதுவாக உண்ணல் ஐந்தாவது. இரைப்பை கடையாததைப் பல்லே கடைய வேண்டும். தோடம்பழத்தின் தும்பு போன்றவற்றை மெல்லாது விழுங்கினால், அவை உள்ளே திரண்டு அடைத்துக்கொள்வதும் உண்டு. உண்டவுடன் படபடப்பு வருவோர் கால்மணி முதல் அரைமணிவரை சாய்ந்து படுத்திருத்தல் நலம் தரும். பால் சிலருக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்குகின்றது; அவருட் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கின்றது. வியன்னாப் பெண்மணி புளித்த பாலை விரும்பியதும் இங்கு நினைக்கத்தக்கது. ஒருவருக்கு ஒத்தது மற்றவருக்கு ஒவ்வாதிருக்கலாம். ஆதலின் ஒவ்வொரு புதிய உணவையும் தனித்தனியே சிறிதளவு உண்டு பார்த்து, வைத்தியர் சொற்படி கூட்டிக் குறைக்க வேண்டும். பெரும்பாலோருக்கு மாதங்கள் செல்லச் செல்ல இவ்வருத்தங்கள் தணிந்துவிடுகின்றன.

தமிழர் வீடுகளில் இந்நெறிக்குத் தடையாவது பெரும்பாலும் அன்பே. வைத்தியசாலையிலிருந்து மெலிந்து வந்தவரைக் கண்டால் வீட்டார் மனம் பொறுப்பதில்லை. களை தீரட்டும் என்று சீனி கூட்டிய தேநீரைத் தாய் கொடுக்கின்றார். சத்து வேண்டுமென்று ஒரு கோப்பை நிறையப் பாற்கஞ்சியைச் சகோதரி கொண்டுவருகின்றார். பார்க்க வந்த உறவினர் பழச்சாறும் மாப்பானமும் கொண்டுவந்து தம் கண்முன்னே குடிக்கச் சொல்கின்றனர். இன்னும் ஒரு பிடி என்று இலையில் இடுவது விருந்தோம்பலின் வழக்கம். நோயாளி மறுத்தால் மனக்குறை, உண்டால் உடற்குறை. உண்டபின் வியர்த்து விழுந்தவரைப் பார்த்து, சாப்பாடு போதாமையாலே களைத்துவிட்டார் என்று மேலும் ஒரு கோப்பை கொடுப்பாரும் உளர். இதில் எவரையும் குற்றம் கூறுவதற்கில்லை. நிறைந்த கலத்தை அன்பின் அடையாளமாக எண்ணி வாழ்ந்தவர்களுக்கு, அரைக் கலமே அன்பு என்பதை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிரான பிழை உணவைக் கண்டு அஞ்சுதல். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1915ஆம் ஆண்டிற் சிக்காகோவின் பெர்ட்ரம் சிப்பி, குடற்புண் உள்ளவர்களுக்கு மணிக்கொருமுறை பாலும் பாலாடையும் கொடுக்கும் முறையை வகுத்தார். பல்லாண்டுகள் உலகெங்கும் அது கைக்கொள்ளப்பட்டது. காரமும் திண்ணுணவும் நஞ்சென விலக்கப்பட்டன. புண்ணிலிருந்து குருதி கசிந்தவரைப் பட்டினி போடுவதே வழக்கமாயிருந்தது. டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் மொய்லென்கிராக்ட் என்னும் வைத்தியர் 1930களில் இதனை மாற்றினார். குருதி கசிந்தவருக்கும் முதல் நாளிலேயே மசித்த இறைச்சியும் மீனும் காய்கறியும் கொடுத்தார். அவர்கள் முன்னையோரினும் நன்றாகத் தேறினர். இரைப்பையை இழந்தவர்களுக்கும் இப்பாடம் பொருந்தும். வருத்தம் வருமே என்று அஞ்சி உணவைக் குறைத்துக்கொண்டே செல்பவர் எலும்பும் தோலுமாகின்றார். குறைக்க வேண்டியது ஒரு வேளையின் அளவையேயன்றி ஒரு நாளின் அளவையன்று.

வேளா வேளை அளந்து உண்டவருக்கும், சில ஆண்டுகள் கழித்து மற்றொரு பகை மறைவாக வரலாம். அது இரத்தச்சோகை. ஒருவகைக் கொடிய இரத்தச்சோகை, நாள்தோறும் மிகுதியாக ஈரலை உண்பதனாற் குணமாவதை மைனட், மேர்பி என்னும் அமெரிக்கர் 1926ஆம் ஆண்டிற் காட்டினர். பொஸ்டன் நகரின் வில்லியம் காசில் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை வியப்புக்குரியது. வெறும் இறைச்சியை அந்நோயாளிகளுக்குக் கொடுத்தார்; பயனில்லை. பின்னர் நலமுள்ள மனிதரின் இரைப்பையிற் சிறிது நேரம் கிடந்து எடுத்த இறைச்சியைக் குழாய் வழியே செலுத்தினார். இரத்தம் ஊறத் தொடங்கிற்று. உணவிலுள்ள ஒரு சத்து உடலிற் சேர்வதற்கு இரைப்பை சுரக்கும் ஒரு பொருள் துணையாக வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று. அந்தச் சத்தே 1948ஆம் ஆண்டிற் பிரித்தெடுக்கப்பட்ட விற்றமின் பி 12. இரைப்பையை முழுவதும் இழந்தவர், ஈரலிற் சேமித்து வைத்திருப்பதைக் கொண்டு சில ஆண்டுகள் வாழ்வார். சேமிப்புத் தீர்ந்தபின் எத்துணை நல்லுணவு உண்டாலும் அச்சத்து உடலிற் போதிய அளவு சேராது. ஆதலின் அவருக்கு வைத்தியர் அதனை ஊசிமூலமாகவேனும், பெருமளவான மாத்திரை மூலமாகவேனும் வாழ்நாள் முழுவதும் கொடுத்துவர வேண்டும். இரும்புச்சத்தும் சுண்ணச்சத்தும் குறைவதுண்டு; அவற்றையும் காலந்தோறும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். நலமாயிருக்கின்றேன் என்று வைத்தியரிடம் செல்வதை நிறுத்திவிடுவோர் இவ்விடத்திலேயே ஏமாறுகின்றனர்.

பின்னர் காலம் மாறியது. 1976ஆம் ஆண்டிற் புளிநீரின் சுரப்பைக் குறைக்கும் சிமெற்றிடின் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. 1982ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், ரொபின் வொரன் என்னும் இருவரும் இரைப்பையில் வாழும் ஒரு நுண்கிருமியை வளர்த்துக் காட்டினர். குடற்புண்ணுக்கு அக்கிருமியே பெருங்காரணம் என்பது பின்னர் நிறுவப்பட்டது. 2005ஆம் ஆண்டு அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. முன்பு நெய்யூரில் ஆயிரக்கணக்கிற் கத்தியாற் செய்ததை இன்று பெரும்பாலும் மாத்திரைகள் செய்கின்றன. எனினும் புற்றுநோய்க்காக இரைப்பையை இழப்போர் இன்றும் உலகெங்கும் உளர். மற்றொரு புதுமையும் உண்டு. இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர் உடல் பருப்பதில்லை என்பதைக் கவனித்த எட்வர்ட் மேசன் என்னும் அமெரிக்கர், 1966ஆம் ஆண்டில் மிகைப்பருமனைத் தீர்ப்பதற்கென்றே இரைப்பையைச் சுருக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். அவ்வழி சென்றவர்களுக்கும் இச்சிற்றுணவு நெறி உரியதாயிற்று.

திருக்குறளில் மருந்து என்னும் பெயரோடு ஓர் அதிகாரம் உண்டு. அதில் ஒரு மூலிகையின் பெயரேனும் கூறப்படவில்லை. அளவறிந்து உண்ணுதலே பெரிதும் பேசப்படுகின்றது. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின் உண்ணுமாறு அது அறிவுறுத்துகின்றது. அந்த அறிவுரை தன் வாயில்காப்போனோடு கூடிய முழு இரைப்பை உடையவருக்கு உரியது. அதனை இழந்தவர் பசியின் அழைப்புக்குக் காத்திருக்க இயலாது. மணிக்கூட்டைப் பார்த்தே உண்ண வேண்டும். வேளை மாறிற்று, ஆனால் அளவு என்னும் அறம் மாறவில்லை. முன்பு எவரும் கேளாமலே இரைப்பை செய்துவந்த காவற்பணியை, இப்போது உண்பவரும் உணவு சமைப்பவரும் தம் அறிவினாற் செய்கின்றனர். அரைமணிக்கொரு கரண்டியாக வியன்னாவிற் பால் கொடுத்த தாதியும், அரைக் கலத்தோடு நிறுத்திக்கொள்ளும் யாழ்ப்பாணத்துத் தாயும் செய்வது ஒரே பணிதான். கத்தி காத்த உயிரை நிலைக்கச் செய்வது அப்பணியே.